காலி வண்டிக்கு யார் காசு தருவார்கள்?

சொந்தமாகக் கூரியர் தொழில் ஆரம்பித்து மூன்று வருடம் முடிந்துவிட்டது. இதற்குள் தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று எத்தனையோ பேர் கூப்பிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள்: "முதலீடு எவ்வளவு ஆகும்?" வண்டி இருக்கிறது, போன் இருக்கிறது, தோளில் மாட்ட ஒரு பெரிய பை வாங்கினால் மறுநாளே முதலாளி ஆகிவிடலாம், அதனால்தான் இந்தத் தொழிலில் இறங்குவது இவ்வளவு சுலபமாக இருக்கிறது, ஆறு மாதத்தில் விட்டுவிட்டு ஓடுகிறவர்களும் இவ்வளவு பேர் இருக்கிறார்கள். ஒருத்தராவது "கொடுத்துவிட்டுத் திரும்பி வரும்போது வண்டியில் என்ன இருக்கும்?" என்று கேட்டிருந்தால், உங்களுக்கு இது ஒத்துவரும் என்று அங்கேயே சொல்லியிருப்பேன். ஆரம்பிக்கும்போது நானும் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

முதல் நாள் மொத்தம் மூன்று பார்சல். அதில் ஒன்று என் சித்தி என்மேல் பாவப்பட்டு அனுப்பியது. மற்ற இரண்டில் ஒன்றுக்கு முகவரி தப்பு. இதெல்லாம் தேறுமா என்று ராத்திரி தூக்கம் வராமல் பெரிய கம்பெனிகள் எப்படித் தொடங்கின என்று தேடிப் படித்தேன், ஆறுதலுக்காகத்தான். ஃபெடெக்ஸ் 1973 ஏப்ரல் 17 அன்று இரவு மெம்ஃபிஸிலிருந்து 14 விமானங்களோடு வேலையைத் தொடங்கியபோது, 25 நகரங்களுக்கும் சேர்த்து அவர்களிடம் இருந்தது 186 பொட்டலங்கள். விமானத்துக்குப் பதின்மூன்று வீதம் வருகிறது. விமானத்துக்கு! யூ.பி.எஸ்.ஸின் கதை இன்னும் எளிமை. 1907-ல் சியாட்டிலில் ஜேம்ஸ் கேசி என்ற 19 வயதுப் பையன், நண்பன் ஒருவனோடு சேர்ந்து 100 டாலர் கடனில் ஆரம்பித்தது, சேதி கொண்டுபோவது, சில்லறை வேலைகள் செய்து கொடுப்பது என்று நடந்தும் சைக்கிளிலும் ஓடிய ஒரு சின்ன அமைப்புதான். எனக்கு மூன்று பார்சல், ஒரே ஒரு வண்டி. விகிதம் பார்த்தால் ஒன்றும் மோசமில்லை என்று நினைத்துக்கொண்டு தூங்கிவிட்டேன்.

மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தபோது அந்த ஆறுதல் எல்லாம் போய்விட்டது. வேலை வந்திருந்தது, ஒரு நாள்கூடச் சும்மா இருக்கவில்லை, உடம்பு வலி அதற்குச் சாட்சி, ஆனால் கையில் நின்றது சொல்லிக்கொள்ளும்படி இல்லை. எங்கே போனது என்று பார்க்க ஒரு குட்டி நோட்டை வண்டியில் போட்டுவைத்து இரண்டு வாரம் எல்லாவற்றையும் எழுதினேன், புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், நின்ற நேரம், மீட்டரில் இருந்த கிலோமீட்டர். இந்தத் தொழிலில் நான் செய்த உருப்படியான காரியம் எது என்று கேட்டால் அந்த நோட்டைத்தான் காட்டுவேன். ஒரு வேலையை மட்டும் சொல்கிறேன். பார்சலை எடுத்த இடத்திலிருந்து கொடுத்த இடம் 12 கிலோமீட்டர், அந்த 12-க்குத்தான் பில் போட்டிருந்தேன். ஆனால் எடுக்கப்போகவே 5 கிலோமீட்டர் ஓடியிருக்கிறேன், கொடுத்துவிட்டு வீடு திரும்ப 13. ஆக, ஓடியது 30, காசு வந்தது 12-க்கு. அதிலும் நான் கணக்கில் வைத்திருந்தது பெட்ரோல் மட்டும்தான். டயர் தேய்வது, பிரேக் கட்டை, ஆயில் மாற்றுவது, இன்ஷூரன்ஸ், அப்புறம் வண்டியின் விலையே நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருப்பது, இதெல்லாம் பங்க்கில் தெரிவதில்லை. ஒரு நாள் மொத்தமாகச் சேர்ந்து வந்து நிற்கும்போதுதான் தெரியும்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி நேரக் கணக்கில் இருந்தது. ஒன்பது மணி நேர நாளில் வண்டியில் பார்சலோடு ஓடியது சராசரியாக மூன்று மணி நேரம். காலியாக ஓடியது இரண்டரை. இன்னொரு இரண்டரை மணி நேரம் யாருடைய வரவேற்பறையிலோ, வாசலிலோ, லிஃப்ட் முன்னாலோ நின்றுகொண்டிருந்திருக்கிறேன். மீதி ஒரு மணி நேரம் போனில் வழி கேட்டது, பில் எழுதியது. பார்க்கிறவர்களுக்குக் கூரியர் என்றால் பறந்துகொண்டிருக்கிற ஆள். நோட்டைப் பார்த்தால் அது நாளில் கால்வாசிக்கு மேல் நிற்கிற தொழில். "ஒரு நிமிஷம் இருங்க, சார் கையெழுத்துப் போட்டுட்டுத் தந்துடுவாங்க" என்று சொன்ன ஒரு நிமிஷங்களை மட்டும் கூட்டினால் வாரத்தில் ஒரு முழு நாளைத் தாண்டியது.

அதன் பிறகு ரேட்டை மூன்றாகப் பிரித்தேன். ஒரு வேலையைக் கையில் எடுக்கவே ஒரு அடிப்படைக் கட்டணம், எடுக்கப்போகிற காலி ஓட்டம் அதில் அடங்கிவிடும். அதற்கு மேல் கிலோமீட்டர். பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கவைத்தால் காத்திருப்புக் கட்டணம். மூன்றாவதைக் கேட்டதும் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா, நான் போவதற்கு முன்பே கவரை ஒட்டி, பெயர் எழுதி, மேஜை ஓரத்தில் வைக்க ஆரம்பித்தார்கள். இன்றுவரை அந்தக் கட்டணத்தை நான் வசூலித்தது மிகச் சில தடவைதான். ஆனால் அது ரேட் கார்டில் இருப்பதால்தான் எனக்கு நாளுக்கு நாலு ஸ்டாப் கூடுதலாகப் போக முடிகிறது.

சரி, யாருக்கு வேலை செய்வது? இங்கேதான் பாதிப் பேர் வழுக்குகிறார்கள், நானும் வழுக்கினேன். வீட்டிலிருந்தே ஆன்லைனில் பொருள் விற்கிறவர்கள் நிறைய இருக்கிறார்களே, அவர்கள் பார்சலை எல்லாம் நாம் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்போம் என்று நினைத்தேன். ஒரு பெரிய கம்பெனி வேன் ஒரு நாளில் நூறுக்கும் மேற்பட்ட ஸ்டாப் போகிறது. ஒரே தெருவில் ஐந்து வீடு, ஒரே கட்டடத்தில் ஏழு வீடு. அங்கே வண்டி ஓடிய செலவு எல்லோர் தலையிலும் பிரிந்துவிடுகிறது. என்னிடம் இருந்தது எட்டு பார்சல், எட்டும் எட்டுத் திசையில். அவர்கள் வாங்குகிற ரேட்டுக்கு நான் இறங்கினால் கைக்காசு போட்டுத்தான் டெலிவரி செய்யணும். போதாததற்கு வீட்டில் ஆள் இல்லை என்றால் மறுநாள் இன்னொரு ஓட்டம், அதற்கும் சேர்த்து யாரும் காசு தரமாட்டார்கள். இரண்டே மாதத்தில் அதை விட்டேன்.

பெரியவர்களால் சுலபமாகச் செய்ய முடியாதது ஒன்று இருக்கிறது. அவர்கள் எல்லாவற்றையும் ஒரு இடத்துக்குக் கொண்டுபோய், பிரித்து, அடுக்கி, மறுபடி அனுப்புகிறவர்கள். ஒரே ஊருக்குள் பக்கத்துப் பேட்டைக்குப் போகிற கவர்கூட முதலில் அவர்களுடைய கிடங்குக்குப் போய்விட்டுத்தான் வரும். "பதினோரு மணிக்கு எடுத்து ஒரு மணிக்குள் கொடு" என்பது அந்த ஏற்பாட்டுக்குள் அடங்காது. நம்மைப் போன்ற ஒற்றை வண்டிக்காரர்களுக்கு வாசல் அங்கேதான். டி.எச்.எல். 1969-ல் ஆரம்பித்ததே இப்படி ஒரு சந்தில்தான். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஹொனலூலுவுக்குக் கப்பலில் சரக்கு போகும், ஆனால் அதற்கான காகிதங்கள் கைக்கு வந்து சேர்ந்தால்தான் சுங்க வேலை நகரும். டால்சி, ஹில்ப்ளாம், லின் என்ற மூன்று பேர் அந்தக் காகிதங்களை விமானத்தில் முன்கூட்டியே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கப்பல் வருவதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். அந்தப் பெயரில் இருக்கிற மூன்று எழுத்தும் அந்த மூன்று பேர்தான். காகிதத்தின் எடைக்கா காசு கொடுத்திருப்பார்கள்? துறைமுகத்தில் கப்பல் சும்மா நிற்காமல் இருப்பதற்குக் கொடுத்தார்கள்.

அதே கண்ணோடு சுற்றிப் பார்த்தேன், எதுவோ வந்து சேராததால் யாருடைய வேலை நின்றுபோகிறது என்று. வண்டி பழுது பார்க்கும் பட்டறைகளில் ஒரு உதிரி பாகத்துக்காகக் காரைத் தூக்கி நிறுத்திவைத்துக்கொண்டு மெக்கானிக் உட்கார்ந்திருப்பார். அச்சகங்களில் புரூஃப் ஓகே ஆகாமல் மெஷின் நிற்கும். வக்கீல் அலுவலகங்களில் இன்றைக்கே தாக்கல் செய்யவேண்டிய காகிதம். எல்லாமே நல்ல வேலைகள்தான், நேரத்துக்குப் போனால் ரேட்டைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். ஆனால் எல்லாமே ஒரு வழிப் பாதை. போகும்போது லோடு, வரும்போது காலி.

என் பிரச்சினையைத் தீர்த்துவைத்தது பல். நிஜமாகத்தான் சொல்கிறேன். எனக்கு ஒரு கடைவாய்ப் பல்லுக்கு கேப் போடப் போயிருந்தபோது மருத்துவர் வாயில் மாவு போல ஒன்றை வைத்து அச்சு எடுத்தார். "இது எங்கே போகும் சார்?" என்று வாய் கழுவியதும் கேட்டேன். கேப், பல்செட் எல்லாம் செய்து கொடுக்கிற பல் லேபுக்குப் போகும் என்றார். எப்படிப் போகும்? லேபிலிருந்து ஒரு பையன் வந்து எடுத்துக்கொண்டு போவான், சில நாள் வருவான், சில நாள் வரமாட்டான். கேப் தயாரானதும் திரும்பக் கொண்டுவருவான், அதுவும் அப்படித்தான். நாற்காலியிலேயே எனக்கு மனக்கணக்கு ஓடியது. ஒரு பல்லுக்கு அச்சு போகிறது, கேப் வருகிறது. பல்செட்டாக இருந்தால் அச்சு போகும், மெழுகில் பல் வைத்துப் பார்க்க வரும், திருத்தத்துக்குத் திரும்பப் போகும், முடிந்து மறுபடி வரும். ஒவ்வொரு கிளினிக்கிலும் கொடுக்க ஒன்று, எடுக்க ஒன்று. கைப்பிடி அளவுதான் எடை. நோயாளிக்கு நாள் குறித்திருப்பதால் நேரத்துக்கு மதிப்பு உண்டு. வாய் மரத்திருந்ததால் அன்றைக்கு அதற்கு மேல் பேசவில்லை, மறுநாள் போய் லேப் முகவரியை வாங்கிக்கொண்டேன்.

லேப் முதலாளி முதலில் நம்பவில்லை. "எங்க பையனே போறானே, உங்களுக்கு எதுக்குத் தரணும்?" என்றார். அந்தப் பையன் யார் என்று விசாரித்தால் அவன் டெக்னீஷியன். பல் செதுக்கத் தெரிந்தவனை வெயிலில் வண்டி ஓட்ட அனுப்பிக்கொண்டிருக்கிறார். "அவர் ஒரு நாளில் எத்தனை பல் முடிப்பார் சார், வெளியே போகாமல் இருந்தால்?" என்று மட்டும் கேட்டேன். பதில் சொல்லாமல் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். ஒரு வாரம் சோதனைக்குக் கொடுத்தார். காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று, போகிற இடத்தில் எல்லாம் கொடுத்து எடுத்து, பை எப்போதுமே நிறைந்து திரும்பும். அந்த வாரக் கணக்கை நோட்டில் எழுதியபோதுதான் முதல்முறையாக "காலி" என்ற பத்தியில் போடுவதற்கு எண் சின்னதாக இருந்தது. இப்போது மூன்று லேபுக்கு ஓடுகிறேன், என் வருமானத்தில் பாதிக்கு மேல் பல்.

சுற்று என்றதும் ரூட் பற்றிச் சொல்லவேண்டும். பத்து ஸ்டாப் இருந்தால் அவற்றை எந்த வரிசையில் போவது என்பதற்கு 36,28,800 வழிகள் உண்டு. பதினைந்து ஆனால் ஒரு லட்சத்து முப்பதாயிரம் கோடியைத் தாண்டும். கணிதக்காரர்கள் ரொம்ப காலமாக மல்லுக்கட்டும் கேள்வி இது, ஆப்கள் ஓரளவு நல்ல விடையைக் கொடுத்துவிடுகின்றன. ஆனால் எந்தக் கிளினிக் மதியம் பூட்டியிருக்கும், எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் சனிக்கிழமை ஓடாது என்பதெல்லாம் ஆப்புக்குத் தெரியாது. என் முறை சாதாரணம். நேரம் குறித்தவற்றை முதலில் வைத்துவிட்டு மற்றவற்றை நடுநடுவே சொருகுவேன், அப்புறம் வரைபடத்தில் விரலால் ஓட்டிப் பார்ப்பேன். நான் போகிற கோடு நானே போன கோட்டை எங்காவது வெட்டிக்கொண்டு போனால் அந்த வரிசையில் எங்கேயோ வீண் ஓட்டம் இருக்கிறது என்று அர்த்தம், அந்த இரண்டு ஸ்டாப்பை மாற்றிப் போட்டால் பெரும்பாலும் குறையும். இன்னொன்று, எதிரே வருகிற வண்டிகளைக் கடந்து திரும்புகிற திருப்பங்களைக் குறைப்பது. யூ.பி.எஸ். தன் ஓட்டுநர்களுக்கு இதை ஒரு கொள்கையாகவே வைத்திருக்கிறது, அவர்கள் ஊரில் அது இடப்பக்கத் திருப்பம். தூரம் கொஞ்சம் கூடினாலும் சிக்னலில் நின்று எரிக்கிற பெட்ரோலும் நேரமும் மிச்சம். முதலில் சிரித்தேன், இப்போது நானும் அப்படித்தான் போகிறேன்.

அளவு விஷயத்தில் ஒரு தடவை நன்றாக ஏமாந்தேன். "மூணு கிலோதாங்க" என்று போனில் சொன்னார்கள், போனால் தலையணைகள் அடைத்த பெட்டி. அதை வைத்தபிறகு வண்டியில் வேறு எதுவும் வைக்க இடமில்லை, ஆனால் பில் மூன்று கிலோவுக்கு. பெரிய கம்பெனிகள் ஏன் டேப் வைத்து அளக்கிறார்கள் என்று அன்றைக்குப் புரிந்தது. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள், சிலர் 6000-ஆல். 60, 40, 40 பெட்டி என்றால் 96,000. 5000-ஆல் வகுத்தால் 19.2 கிலோ, 6000-ஆல் வகுத்தால் 16. நிஜ எடை, இந்த எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. அதற்கு வால்யூமெட்ரிக் எடை என்று பெயர். வெளியூர்ப் பார்சலை நீங்கள் வாங்கி இன்னொரு கம்பெனி வழியாக அனுப்புவதாக இருந்தால் இது தெரியாமல் ரேட் சொல்லவே கூடாது, வித்தியாசம் உங்கள் பையிலிருந்துதான் போகும்.

எதை எடுக்கமாட்டேன் என்ற பட்டியல் வருடா வருடம் நீண்டுகொண்டே போகிறது. ஒட்டிய பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல மறுத்தால் எடுக்கமாட்டேன், அது யாராக இருந்தாலும் சரி. ஒருவர் ஒரு பெட்டி நிறைய பவர் பேங்க் கொண்டுவந்து வெளியூருக்கு விமானத்தில் போகட்டும் என்றார். பவர் பேங்க் என்பது சட்டத்தின் கண்ணில் வெறும் லித்தியம் அயன் பேட்டரி, ஆபத்தான சரக்குகளுக்கு ஐ.நா. போட்ட பட்டியலில் யூ.என். 3480 என்ற எண்ணில் வரும். 2016 ஏப்ரலிலிருந்து பயணிகள் விமானத்தில் இவற்றைச் சரக்காக ஏற்றவே முடியாது, சரக்கு விமானத்துக்கும் தனி விதிகள். "யாருக்குத் தெரியப்போகுது, துணின்னு எழுதிக்கோங்க" என்றார். துணி என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர் நான்தானே. திருப்பி அனுப்பிவிட்டேன். ரத்த மாதிரி எடுக்கிற லேப் வேலையையும் முதல் வருடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அதற்கு மூன்று அடுக்குப் பொதி வேண்டும்: கசியாத குழாய், அதைச் சுற்றி உறிஞ்சுகிற பஞ்சு, கசியாத இரண்டாவது உறை, அதற்கு வெளியே உறுதியான பெட்டி, மேலே சாய்சதுரத்துக்குள் யூ.என். 3373 என்ற குறி. இதைக் கற்றுக்கொண்டு பெட்டி வாங்கிய பிறகுதான் எடுக்கிறேன். ரப்பர் பேண்ட் போட்ட பிளாஸ்டிக் கவரில் குழாயை நீட்டினால் இன்றைக்கும் வாங்கமாட்டேன்.

இன்ஷூரன்ஸ் பற்றி ஒன்றே ஒன்று. சொந்த உபயோகத்துக்கு எடுத்த வண்டி பாலிசி, கூலிக்குப் பொருள் ஏற்றிப் போகும்போது பல இடங்களில் செல்லாது. வண்டிக்கு இருக்கிற பாலிசி பார்சலுக்கும் செல்லாது, அதற்குத் தனி. உங்கள் பாலிசியைக் கையில் எடுத்து விலக்குகள் பகுதியைப் படித்துவிட்டு, புரியாவிட்டால் ஏஜெண்டைக் கூப்பிட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். போனில் "அதெல்லாம் கவர் ஆகும்" என்பது பதில் ஆகாது.

தொலைத்த கதையையும் சொல்லிவிடுகிறேன், தப்பு முழுக்க என்னுடையது. ஒரு அலுவலகக் கவர், ஆள் இல்லை, பக்கத்துக் கதவில் இருந்தவர் "கொடுங்க, நான் குடுத்துடுறேன்" என்றார். மாலை ஆறரை, அதுதான் அன்றைய கடைசி, கொடுத்துவிட்டேன். அவர் பெயர்கூடக் கேட்கவில்லை. மூன்று நாள் கழித்து அந்தக் கவரைக் காணோம். உள்ளே இருந்தது ஒரு அசல் பத்திரம். எடை ஐம்பது கிராம் இருக்குமா? சாலை வழியாக நாடு விட்டு நாடு போகும் சரக்குக்கு சி.எம்.ஆர். என்று 1956-ல் போட்ட ஒப்பந்தம் ஒன்று உண்டு, 1978-ல் திருத்தியபடி அதில் தொலைந்த பொருளுக்கு ஈட்டுத்தொகையின் உச்சவரம்பு கிலோவுக்கு 8.33 எஸ்.டி.ஆர். (ஐ.எம்.எஃப். வைத்திருக்கிற பணக்கணக்கு அலகு) என்று போகும். அப்படிக் கிலோ கணக்கில் பார்த்தால் அந்தப் பத்திரத்துக்கு வெறும் சில்லறைதான் வரும், ஆனால் அதை மறுபடி வாங்க அந்த வாடிக்கையாளர் அலைந்த அலைச்சல் ஒரு மாதம். செலவை நான் ஏற்றுக்கொண்டேன், வாடிக்கையாளர் போய்விட்டார், நியாயம்தான். அன்றிலிருந்து சீட்டில் அச்சடித்திருக்கிறேன்: பொறுப்பு இவ்வளவு வரைதான், அதற்கு மேல் மதிப்புள்ளது என்றால் முன்பே சொல்லவேண்டும், கட்டணம் வேறு. வாங்குகிறவர் பெயர், நேரம், கையெழுத்து, கதவோடு சேர்த்து ஒரு போட்டோ, இது நாலும் இல்லாமல் கையை விட்டுப் பொருள் போகாது. பக்கத்து வீடு என்ற பேச்சே கிடையாது.

காசு வருவது தனிக்கதை. பெட்ரோல் இன்றைக்கு, பில் மாதக் கடைசியில், பணம் அதற்கப்புறம் முப்பது நாள், சில சமயம் அறுபது. தொழில் வளர வளரக் கையில் காசு குறையும், கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் அப்படித்தான். அதிக வேலை என்றால் அதிக பெட்ரோல் இன்றைக்கு, அதிக பில் இரண்டு மாதம் கழித்து. ஒரு காலத்தில் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து பாதி வேலை வந்துகொண்டிருந்தது, அவர் ஒரு மாதம் இழுத்தடித்தபோது வண்டி சர்வீஸுக்கு விட்ட இடத்தில் நான் கடன் சொல்லி நின்றேன். இப்போது புதியவர்களுக்குப் பதினைந்து நாள் பில்தான், முதல் மாதம் முன்பணம்.

போன வருடம் ஒரு தம்பியை வேலைக்குச் சேர்த்தேன். வேகமாக ஓட்டுகிறவனைத் தேடவில்லை, கதவைத் தட்டிவிட்டுப் பெயர் கேட்கக் கூச்சப்படாதவனாகத் தேடினேன். முதல் வாரமே "அக்கா, அந்த ஆள் பேரு சொல்லமாட்டேங்குறாரு, நான் கவரைத் திருப்பி எடுத்துட்டு வந்துட்டேன்" என்று வந்து நின்றான். அந்த ஆள் அந்த ஆபீஸின் முதலாளி. போனில் கத்து கத்து என்று கத்தினார். தம்பிக்கு அந்த மாதம் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தேன்.

இதெல்லாம் ஒரு வழியாகச் செட்டாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது மூன்று லேபில் பெரிய லேப் முதலாளி போன வாரம் உட்காரச் சொல்லிப் பேசினார். அவருடைய கிளினிக்குகளில் நாலு பேர் வாய்க்குள் வைக்கிற ஸ்கேனர் வாங்கிவிட்டார்கள். இனி மாவும் அச்சும் கிடையாது, படம் எடுத்து ஃபைலாக அனுப்பிவிடுவார்கள். கேப் மட்டும்தான் போகணும். அதாவது எனக்குப் போகும்போது லோடு உண்டு, திரும்பும்போது இல்லை. ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்கிறேன், நாலு கிளினிக் அளவுக்கு. மற்றவர்களும் ஒவ்வொருவராக வாங்கத்தான் போகிறார்கள், அந்தக் கருவியைக் குறைசொல்ல என்னால் முடியாது, மாவை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நானும்தானே.

நாளைய சீட்டைப் போட்டுவிட்டேன். பதினோரு ஸ்டாப். ஏழாவது ஸ்டாப் அந்த ஸ்கேனர் கிளினிக்குகளில் ஒன்று, அங்கிருந்து எட்டாவதுக்கு ஆறு கிலோமீட்டர் காலி. அந்தக் கிளினிக்குக்கு இரண்டு கட்டடம் தள்ளிக் கண்ணாடி பவர் லென்ஸ் வெட்டிக் கொடுக்கிற ஒரு பட்டறையின் போர்டைப் பார்த்த ஞாபகம். லென்ஸ் வெட்டினால் அது எங்கேயாவது கண்ணாடிக் கடைக்குப் போகணும், கடையிலிருந்து ஃப்ரேம் அங்கே வரணும். தம்பியிடம் ஏழாவது ஸ்டாப்பை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.